லிமாவிலிருந்து ஒரு நாள் கிராமப் பயணம்: எதற்குப் பணம் கொடுக்கிறீர்கள்?

கேள்வி: அலுவலக வேலையாக மூன்று வாரம் பெரு நாட்டின் லிமாவில் இருக்கிறேன். ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. நகரத்தைப் பார்த்தாயிற்று, வயலும் மலையும் கிராமமும் பார்க்க ஆசை. இரண்டு பயண விளம்பரங்கள் கையில் இருக்கின்றன. ஒன்று பராக்காஸ், இகா, வகாச்சினா மூன்றையும் ஒரே நாளில் காட்டுகிறது. காலை ஐந்து மணிக்குக் கிளம்பி இரவு பத்துக்குத் திரும்பலாம். இன்னொன்று கான்டா, ஒப்ராஹியோ மட்டும். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. மூன்று இடம் காட்டுவதுதானே லாபம்?

பதில்: இல்லை. கான்டாவுக்குப் போங்கள்.

லிமாக்காரர்கள் இந்த மாதிரிப் பயணத்தை 'ஃபுல் டே' என்றுதான் சொல்கிறார்கள். முழு நாள் என்று பெயர் இருந்தாலும், அதில் எத்தனை மணி நேரம் உங்கள் கால் தரையில் இருக்கும் என்பதை விற்பவர் தானாகச் சொல்லமாட்டார். நீங்கள்தான் கணக்குப் போட வேண்டும். பராக்காஸ் லிமாவுக்குத் தெற்கே சுமார் 260 கிலோமீட்டர். இகாவை ஒட்டியுள்ள வகாச்சினா சுமார் 300. போக வர 600 கிலோமீட்டர்! பதினேழு மணி நேரப் பயணத்தில் பாதிக்கு மேல் வண்டி இருக்கையிலேயே போய்விடும். மிச்சத்தில் பயேஸ்தாஸ் தீவுகளுக்குப் படகில் இரண்டு மணி நேரம், ஒரு சாப்பாடு, மணல்மேட்டில் கொஞ்ச நேரம். பராக்காஸில் காற்று பலமாக வீசினால் துறைமுகத்தையே மூடிவிடுவார்கள், அன்று படகு கிடையாது. அருமையான இடங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஓர் இரவாவது தங்கவேண்டும். மேலும் அது கடலும் பாலைவனமும். நீங்கள் கேட்டது வயலும் கிராமமும்.

கான்டா சுமார் 100 கிலோமீட்டர்தான். ஆனால் நூறு கிலோமீட்டர் என்றதும் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். துபாக் அமாரு சாலை வழியாக கோமாஸ், கராபாய்யோ பகுதிகளைத் தாண்டவே பொறுமை வேண்டும். மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். குன்றின் உச்சிவரை அடுக்கடுக்காக ஏறிய செங்கல் வீடுகள் ஒரு கட்டத்தில் நின்றுபோகும். அப்புறம் சியோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் காய்கறி வயல்கள் தொடங்கும். இருபுறமும் புல்கூட முளைக்காத மொட்டை மலை, நடுவில் ஆறு போகும் இடத்தில் மட்டும் ஒரு பச்சைப் பட்டை. இந்தக் கடற்கரைப் பெருவில் மழை என்பதே அபூர்வம். விளைவதெல்லாம் மலையிலிருந்து இறங்கிவரும் ஆற்றுத் தண்ணீரில்தான். இதைக் கண்ணால் பார்க்க இந்தச் சாலை ஒன்றே போதும்.

வழியில் சாந்தா ரோசா தே கீவெஸ் என்ற இடத்தில் வண்டியை நிறுத்துவார்கள். லிமாவின் புனித ரோசா சிறுமியாக வாழ்ந்த ஊர் அது. 1671-இல் புனிதர் பட்டம் பெற்றவர். அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தவர்களில் அந்தப் பட்டம் பெற்ற முதல் ஆள். அதற்குப் பின் ஏற்றம். கான்டா சுமார் 2,800 மீட்டர் உயரம், ஊட்டியைவிட அரை கிலோமீட்டர் அதிகம். அதற்குச் சற்றுக் கீழே ஒப்ராஹியோ. அங்கே அருவி, குதிரைச் சவாரி, பொரித்த ட்ரவுட் மீன், ஆற்றங்கரைப் புல்வெளி.

மாதத்தையும் பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை லிமாவின் வானம் சாம்பல் மூடி போட்டதுபோல் இருக்கும். 'கழுதை வயிறு' என்று ஊர்க்காரர்களே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் மலை ஏற ஏற மேகம் கீழே தங்கிவிடும், மேலே பளீரென்று வெயில். ஒரு வாரம் அந்தச் சாம்பலுக்கு அடியில் இருந்துவிட்டு, வளைவு ஒன்று திரும்பியதும் சட்டென்று நீல வானம் திறந்த நிமிடம் எனக்கு இன்றும் மறக்கவில்லை. வண்டிக்குள் எல்லோரும் ஒரே நேரத்தில் சன்னல் திரையை விலக்கினார்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை நேர்மாறு: லிமாவில் வெயில், மலையில் மழை. வாய்கோ என்று அவர்கள் சொல்லும் சேற்று வெள்ளம் மலையிலிருந்து இறங்கிச் சாலையை மூடிவிடும். உங்கள் மூன்று வாரம் பிப்ரவரியில் வந்தால் கான்டாவை மறந்துவிட்டு, லூரின் ஆற்று வெளியில் பச்சாகாமாக் கோயில் இடிபாடுகளைப் பாருங்கள். நகரத்திலிருந்து 30 கிலோமீட்டர்தான், அதற்கு ஃபுல் டே தேவையே இல்லை.

முன்பதிவுக்கு முன் கேட்கவேண்டியது இன்னும் இரண்டு. ஒன்று, வழிகாட்டி என்ன மொழி பேசுவார்? கான்டா பயணத்தில் வருபவர்கள் பெரும்பாலும் லிமாக் குடும்பங்கள், விளக்கம் ஸ்பானிஷில்தான் இருக்கும். ஆங்கிலம் வேண்டுமென்றால் தனி வண்டி, தனி விலை. இரண்டு, எங்கே ஏற வேண்டும்? ஓட்டல் வாசலுக்கு வருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். பல வண்டிகள் நகர மையத்திலோ வடக்கே பிளாசா நோர்த்தே பக்கத்திலோ ஆட்களை ஏற்றுகின்றன. ஓட்டல்கள் நிறைந்த மிராஃப்ளோரஸ் பகுதியிலிருந்து விடியற்காலை டாக்ஸி பிடித்துப் போகும் செலவு விளம்பரத்தில் இருக்காது.

கேள்வி: விளம்பரத்தில் விலை ரொம்பக் குறைவு. ஆனால் கீழே சின்ன எழுத்தில் 'நோ இன்க்ளூயே' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. கடைசியில் எவ்வளவு ஆகும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: அந்தச் சின்ன எழுத்துதான் உண்மையான விலைப்பட்டியல். 'இன்க்ளூயே' என்றால் விலையில் சேர்ந்தது, 'நோ இன்க்ளூயே' என்றால் சேராதது. சேராத பக்கத்தில் வழக்கமாக இருப்பவை மதியச் சாப்பாடு, நுழைவுக் கட்டணம், குதிரை, வழிகாட்டிக்கு அன்பளிப்பு. பராக்காஸ் பயணமாக இருந்தால் படகுத்துறைக் கட்டணமும் இயற்கைக் காப்பகக் கட்டணமும் அங்கேதான் ஒளிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் கேளுங்கள்: "வண்டியை விட்டு இறங்கிய பிறகு கட்டாயம் கொடுக்கவேண்டிய தொகை எவ்வளவு?" எழுத்தில் பதில் வாங்கிப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கேள்விதான், ஆனால் பின்னால் தகராறு வந்தால் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அந்த வரிதான்.

அட்டையில் கட்டினால் கூடுதல் சதவீதம் கேட்பார்கள். பெருவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பணம் கட்டும் முறையைப் பொறுத்து விலை மாறுமானால் அதை முன்கூட்டியே, கண்ணில் படும்படி சொல்லியிருக்கவேண்டும். சொல்லாமல் கடைசி நேரத்தில் கூட்டினால் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

சாப்பாட்டு விஷயத்தில் ஒரு யோசனை. வண்டி நிற்கும் உணவகத்திலேயே சாப்பிடவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. திரும்பிவரும் நேரத்தை வழிகாட்டியிடம் உறுதி செய்துவிட்டு ஊர்ச் சதுக்கத்துக்கு நடங்கள். 'மெனு' என்று பலகை போட்ட சிறிய கடையில் சூப், ஒரு தட்டு, குடிக்க ஒரு குவளை என்று ஒரே விலையில் கொடுப்பார்கள். ஊர்க்காரர்கள் சாப்பிடும் இடமே அது. சில்லறை சோல் நாணயங்கள் கையில் இருக்கட்டும், கழிப்பறைக்கும் தேவைப்படும்.

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு நிறுவனம் கான்டாவோடு 'லா வியூதா' மலை ஏரிகளையும் அதே விலைக்குச் சேர்த்துத் தருவதாகச் சொல்கிறது. எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். இலவசமாகக் கொடுத்தாலும் அம்மாவை அழைத்துப் போகாதீர்கள்.

லா வியூதா என்றால் விதவை என்று பொருள். அந்த மலைத்தொடரின் ஏரிகள் 4,500 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கின்றன. லிமா கடலோர நகரம். காலையில் கடல் மட்டத்தில் காபி குடித்தவர், மதியம் காற்றழுத்தம் பத்தில் ஆறு பங்கு மட்டுமே இருக்கும் இடத்தில் நிற்பார். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. உடம்பு பழக ஓர் இரவுகூடக் கிடைக்காது. சோரோச்சே என்று அங்கே சொல்லும் மலைநோயில் தலைவலி, குமட்டல், மூச்சுத் திணறல் எல்லாம் வரும். இள வயதினரே வண்டி ஓரத்தில் வாந்தி எடுப்பதை அந்தச் சாலைகளில் பார்க்கலாம். அங்கே பக்கத்தில் மருத்துவமனையும் கிடையாது, கூட்டு வண்டி ஒருவருக்காக உடனே திரும்பவும் செய்யாது.

அம்மாவோடு போகவேண்டும் என்றால் அன்டியோக்கியாவைப் பாருங்கள். வாரோசிரி மாகாணத்தில், லூரின் பள்ளத்தாக்கின் மேல்பகுதியில், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள சிற்றூர். வீட்டுச் சுவர்களில் எல்லாம் வெள்ளைப் பின்னணியில் பறவைகள், பூக்கள், தேவதைகள் வரைந்திருப்பார்கள். சுற்றிலும் ஆப்பிளும் மெம்ப்ரியோ என்ற பழமும் விளையும் தோட்டங்கள். மெம்ப்ரியோ பார்க்கப் பேரிக்காய் மாதிரி, பச்சையாகக் கடித்தால் நாக்கு இழுக்கும். அதனால் ஜாம் கிண்டி விற்கிறார்கள். நடக்கக் கொஞ்சம்தான், உட்காரச் சதுக்கம் உண்டு. கிளம்புமுன் அம்மாவின் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். பயணத்தில் 'பச்சமான்கா' விருந்து சேர்த்திருக்கிறார்கள். அதில் எங்களுக்கு ஏதாவது கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், ஆனால் எது எங்கே வெந்தது என்று தெரிந்து எடுக்கவேண்டும். பச்சமான்கா என்பது மண்ணுக்குள் வேகும் சமையல். குழியில் நெருப்பில் பழுக்கச் சுட்ட கற்களை அடுக்கி, உருளைக்கிழங்கைக் கீழே வைத்து, அதன்மேல் இறைச்சி, அதற்கும் மேல் ஹாபாஸ், ஹுமிதா என்று அடுக்குவார்கள். மேலே இலையும் துணியும் போட்டு மண்ணால் மூடிவிடுவார்கள். நேரம் ஆனதும் மண்வெட்டியால் மண்ணை விலக்கும்போது எழும் ஆவியில், வகத்தாய் என்ற மூலிகையின் மணம் நம் செண்டுமல்லியை நினைவுபடுத்தும். இரண்டும் உறவுச் செடிகள்தான். பார்க்கவேண்டிய காட்சி.

ஆனால் இறைச்சியின் கொழுப்பு கீழே கிழங்கில்தான் வடியும். மேலே தோலோடு வெந்த ஹாபாஸ், மொச்சைபோல் தடித்த கொட்டை உள்ளது, ஓரளவு தப்பிக்கும். ஹுமிதா மக்காச்சோள மாவை மட்டையில் பொதிந்து வேகவைப்பது. அதில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். உங்களைப்போல் கண்டிப்பாக இருப்பவர்கள் விருந்தைத் தவிர்த்து, 'சோக்லோ கோன் கேசோ' கேளுங்கள்: பெரிய மணி மக்காச்சோளம் வேகவைத்தது, பக்கத்தில் ஒரு துண்டுப் பாலாடைக்கட்டி. சூப் எதுவானாலும் கோழித் தண்ணீர் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். 'சின் கார்னே' என்று மட்டும் சொன்னால் போதாது. கார்னே என்றால் பலருக்கு மாட்டிறைச்சிதான், கோழியைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். 'சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ' என்று மூன்றையும் சொல்லுங்கள். இறைச்சி, கோழி, மீன் எதுவும் வேண்டாம் என்று பொருள்.

கேள்வி: கோகா இலை டீப் பொட்டலம் வாங்கி ஊருக்குக் கொண்டுவரலாமா?

பதில்: கூடாது. பெருவில் சட்டப்படி விற்பது இந்தியாவில் போதைப்பொருள் குற்றம். அங்கே குடித்தாலும், அலுவலகத்தில் சிறுநீர்ப் பரிசோதனை உள்ளவர்கள் யோசித்துக் குடியுங்கள், கொக்கெயின் என்று காட்டக்கூடும்.

கேள்வி: ஃபேஸ்புக் பக்கம் ஒன்றில் பதிவு செய்யப் பாதிப் பணத்தை 'யாபே' செயலியில் ஒரு தனிநபர் பெயருக்கு அனுப்பச் சொல்கிறார்கள். நம்பலாமா?

பதில்: முதலில் அவர்களின் ரூக் எண்ணைக் கேளுங்கள். பெருவின் வரி அடையாள எண் அது, 11 இலக்கம். நிறுவனமாக இருந்தால் 20 என்று தொடங்கும். 10 என்று தொடங்கினால் தனிநபர் தொழில். சுனாத் எனப்படும் வரித்துறையின் இணையதளத்தில் எண்ணைப் போட்டால் பெயரும், தொழில் நடப்பில் உள்ளதா என்பதும் தெரியும். பயண நிறுவனங்களின் பதிவுப் பட்டியலைச் சுற்றுலா அமைச்சகமும் வெளியிடுகிறது. யாபேயில் வரும் பெயரும் ரூக்கில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் பணம் அனுப்பாதீர்கள். ஒத்துப்போனாலும் பொலேத்தா என்ற ரசீதைக் கேட்டு வாங்குங்கள். எனக்கு ஒருமுறை ரசீது தராமல் "வண்டியில் தருவார்கள்" என்றார்கள். வண்டியில் இருந்தவர் அந்த அலுவலகத்தின் பெயரையே கேள்விப்பட்டதில்லை. விற்பவர் ஒருவர், வண்டி ஓட்டுபவர் வேறொருவர் என்பது அங்கே சகஜம். அதனால் வண்டி யாருடையது என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: போய் வந்துவிட்டோம். பட்டியலில் இருந்த அருவிக்குக் கூட்டிப்போகவே இல்லை, நேரமாகிவிட்டது என்று திரும்பிவிட்டார்கள். ஏதாவது செய்யமுடியுமா?

பதில்: முடியும். பெருவில் 2010-ஆம் ஆண்டின் 29571-ஆம் எண் சட்டப்படி, பொதுமக்களுக்கு விற்கும் ஒவ்வொரு இடத்திலும் 'லிப்ரோ தே ரெக்லமாசியோனெஸ்' என்ற புகார்ப் புத்தகம் இருக்கவேண்டும். இணையத்தில் மட்டும் விற்பவர்கள் தங்கள் பக்கத்திலேயே வைத்திருக்கவேண்டும். கடவுச்சீட்டு எண்ணைக் கொடுத்து நீங்களும் எழுதலாம். படிவத்தில் இரண்டு பெட்டிகள் இருக்கும்: வாங்கிய சேவையில் குறை என்றால் 'ரெக்லாமோ', நடத்திய விதம் சரியில்லை என்றால் 'கேஹா'. உங்களுடையது ரெக்லாமோ. எந்த இடம் விடுபட்டது, எத்தனை மணிக்குத் திரும்பினார்கள், எவ்வளவு திருப்பித் தரவேண்டும் என்று மூன்று வரி போதும். ஒரு பிரதி உங்களுக்குத் தரவேண்டும். 15 வேலை நாளுக்குள் பதில் சொல்வது அவர்கள் கடமை. பதில் வராவிட்டாலோ புத்தகமே இல்லை என்றாலோ இந்தெகோபி என்ற நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பிடம் போங்கள். விளம்பரத்தின் படம், வாட்ஸ்அப் உரையாடல், பொலேத்தா மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். நீங்கள் இன்னும் லிமாவில் இருந்தால் இன்றே எழுதிவிடுங்கள்.