ஆச்சியின் காலை நீவலாமா?

கேள்வி: என் ஆச்சிக்கு 74 வயது. வாறுகால் ஓரம் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததால், பாளையங்கோட்டையில் அறுவைச் சிகிச்சை செய்து பத்து நாட்களாகின்றன. இரத்தம் உறையாமலிருக்க 28 நாட்கள் வயிற்றில் ஊசி போடச் சொன்னார்கள். வயிறெல்லாம் நீலம் பாரித்திருப்பதால் நிறுத்திவிடலாமா? நேற்றிலிருந்து இடது கெண்டைக்காலும் வலிக்கிறதாம். தைலம் தேய்த்து நீவி விடலாமா?

- வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். தயவுசெய்து நீவாதீர்கள், இன்றே மருத்துவரிடம் காட்டி, காலுக்கு, இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். கால் வலி என்றதும் தைலக் குப்பியைத் தேடுவது நம் பக்கத்தில் பாசத்தோடு செய்கிற காரியந்தான். ஆனால், ஆழத்திலுள்ள இரத்தக் குழாயில் இரத்தம் கட்டியாக உறைந்திருந்தால், நீவும்போது அந்தக் கட்டி பெயர்ந்து, இதயத்தின் வழியாக நுரையீரலுக்குப் போய் அடைத்து உயிரையே பறித்துவிடக்கூடும். ஊசி போட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும் சில சமயம் கட்டி உருவாவதுண்டு என்பதால், ஒரு கால் மட்டும் வலிப்பதை, வீங்குவதை, சூடாக இருப்பதை அலட்சியப்படுத்தக் கூடாது.

நடக்கும்போது கெண்டைத் தசை இறுகித் தளர்ந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. படுத்த படுக்கையில் அந்த ஓட்டம் மந்தமாகிறது. முறிவும் அறுவையும் சேர்ந்து இரத்தத்தின் உறையும் தன்மையையும் கூட்டிவிடுகின்றன. இடுப்பு அறுவைக்குப் பின் இந்த ஆபத்து வாரக்கணக்கில் நீடிப்பதால்தான் உங்களுக்கு 28 நாட்கள் எழுதியிருக்கிறார்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். ஊசி போட்ட இடம் நீலம் பாரிப்பது வழக்கந்தான். தொப்புளிலிருந்து இரண்டு அங்குலமாவது தள்ளி, ஒருநாள் வலம், மறுநாள் இடம் என மாற்றி, தோலை மடித்துப் பிடித்துப் போட்டு, ஊசியை எடுத்த பின் தேய்க்காமல் விட்டால் நீலம் குறையும். மலம் கறுத்துப் போனாலோ, தையலில் இரத்தம் கசிந்தாலோ உடனே சொல்லுங்கள். கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள் இரத்தக் கசிவைக் கூட்டும் என்பதால் அவற்றைக் கொடுக்காதீர்கள்.

ஸ்கேனில் கட்டி இல்லையென்றால், படுக்கையிலேயே பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்லி, மருத்துவர் அனுமதித்தபடி வாக்கரைப் பிடித்துத் தார்சாவில் நடக்க வையுங்கள். புண்ணில் நீர் கோக்குமென்று குடிதண்ணீரைக் குறைப்பது தவறு; உடலில் நீர் வற்றினாலும் இரத்தம் எளிதில் உறையும்.

திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இருமலில் இரத்தம் வந்தாலோ 108-ஐ அழைத்து, வருபவர்களிடம் அறுவை நடந்த தேதியை முதலில் சொல்லுங்கள்.