6 கோடிக்கு வாங்கி 4 கோடிக்கு விற்றால் இலாபமா? – விளையாட்டு மேலாண்மைப் பாடக் கணக்கு

கேள்வி இதுதான்: ஒரு கால்பந்துக் கழகம் ஒரு வீரரை 5 ஆண்டு ஒப்பந்தத்தில் 6 கோடி பவுண்டுக்கு வாங்கி, 3 ஆண்டு கழித்து 4 கோடிக்கு விற்றால் இலாபமா, நஷ்டமா? இலாபம்தான், 1.6 கோடி பவுண்டு. விடைக்குறிப்பு சரி. நீங்கள் 4 கோடியை வாங்கிய விலையோடு ஒப்பிட்டு 2 கோடி நஷ்டம் என்று எழுதியிருப்பீர்கள். ஒப்பிட வேண்டியது, விற்ற அன்றைய ஏட்டு மதிப்போடு, அதாவது வாங்கிய விலையில் கணக்கேட்டில் இன்னும் கழிக்கப்படாமல் மிஞ்சும் தொகையோடு.

கால்பந்துக் கழகக் கணக்கில் வாங்கிய விலை ஒப்பந்த ஆண்டுகளுக்குச் சமமாகப் பங்கிடப்படும். 5 ஆண்டு ஒப்பந்தம் என்றால் ஆண்டுக்கு 1.2 கோடி. 3 ஆண்டு கழித்து மிஞ்சுவது 2.4 கோடி. விற்ற 4 கோடியில் இதைக் கழித்தால் 1.6 கோடி இலாபம். நன்றாகப் படிப்பவர்களும் சறுக்கும் இடம் இது. மனம் தளர வேண்டாம்.

கேள்வியை மறுபடி படியுங்கள்: இடையில் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டதா? அப்படியானால் மிச்ச மதிப்பைப் புதிய காலத்துக்குப் பங்கிட வேண்டும், விடை மாறிவிடும்.

கழகமே சிறுவயதிலிருந்து வளர்த்த வீரருக்கு இது பொருந்தாது. அவருக்கு ஏட்டு மதிப்பு பூஜ்யம். விற்ற தொகை முழுவதும் இலாபம். 8 ஆண்டு ஒப்பந்தம் வந்தாலும் கவனம்: 2023 முதல் யூஃபா (ஐரோப்பியக் கால்பந்துச் சங்கங்களின் ஒன்றியம்) விதிப்படி, புதிய ஒப்பந்தங்கள் எவ்வளவு நீளமானாலும் விலையைப் பங்கிட 5 ஆண்டுதான் உச்சவரம்பு.