பூட்டிய பள்ளியில் ஓடும் மீட்டர்

கேள்வி: பள்ளி நிர்வாகக் குழுவில் பெற்றோர் சார்பில் இருக்கிறேன். மின்கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. கூரையில் சோலார் போட்டால் தீருமா?
– வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: சோலாருக்கு அவசரப்படாதீர்கள் அம்மா, முதலில் மீட்டரைப் பாருங்கள். வெள்ளி மாலை 4 மணிக்கு ஒரு ரீடிங், திங்கள் காலை 6 மணிக்கு ஒரு ரீடிங் எடுங்கள். இடையில் 62 மணி நேரம். 186 யூனிட் ஓடியிருந்தால், ஆளே இல்லாத பள்ளி மணிக்கு 3 யூனிட் குடிக்கிறது என்று பொருள். இங்கே தென்னாப்பிரிக்காவில் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவதால், யூனிட்டுக்கு ஏறக்குறைய 1 கிலோ கரியமில வாயு சேர்கிறது.

ஆசிரியர் அறை ஹைட்ரோபாயில் (சுவரில் மாட்டிய வெந்நீர்க் கொதிகலன்), கீசர், டக் ஷாப் (பள்ளிச் சிற்றுண்டிக் கடை) ஃபிரிட்ஜ், பகலிலும் எரியும் காவல் விளக்கு ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்து மீட்டரைக் கவனியுங்கள். பழைய 150 லிட்டர் கீசர், சொட்டு வெந்நீர் எடுக்காவிட்டாலும் நாளுக்கு 2 யூனிட்டுக்கு மேல் இழுக்கலாம். அதற்கு டைமர் வையுங்கள். 3 கிலோவாட் கீசரைச் சாதாரண பிளக் டைமர் தாங்காது, கருகிவிடும். எலெக்ட்ரீஷியனைக் கொண்டு டிபி போர்டில் (மின் விநியோகப் பலகையில்) பொருத்துங்கள். பேட்டரி இல்லாத டைமர், 2 மணி நேர லோட்ஷெடிங்குக்குப் (மின்வெட்டுக்குப்) பிறகு 2 மணி நேரம் பின்தங்கி ஓடும். அதனால் பேட்டரி உள்ளதையே கேட்டு வாங்குங்கள். மிச்சம் பிடிக்கிறோம் என்று தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்குக் கீழே இறக்க வேண்டாம். நிமோனியாவை உண்டாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளரும்.

இதெல்லாம் முடிந்த பிறகு சோலார். நம் ஊரில் பலகை வடக்கே பார்க்க வேண்டும்; இந்தியக் குறிப்புகளில் தெற்கு என்றிருக்கும், குழம்பாதீர்கள். கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் என்றால் துளை போடவே கூடாது.

கேள்வி: வகுப்பறைகளில் எல்.இ.டி. டியூப் மாட்டினோம். சில மினுக்குகின்றன, சில எரியவேயில்லை. டியூப் மட்டமா?
– வாசகர், பீனிக்ஸ், டர்பன்

பதில்: பெரும்பாலும் சோக்கில்தான் கோளாறு. பழைய கனமான இரும்புச் சோக் என்றால், ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டு டியூபோடு வரும் எல்.இ.டி. ஸ்டார்ட்டரைப் போடுங்கள். எலெக்ட்ரானிக் சோக் என்றால், எலெக்ட்ரீஷியன் அதை நீக்கி நேரடியாக வயர் கொடுக்க வேண்டும். ஒரு முனையில் மின்சாரம் வாங்கும் டியூப், இரு முனையிலும் வாங்கும் டியூப் என இரண்டு வகை உண்டு. ஒரே பள்ளியில் இரண்டையும் கலந்தால், பின்னால் மாற்றுபவருக்கு ஷாக் அடிக்கலாம். ஒரே வகையாக வாங்கி, ஃபிட்டிங்கிலேயே எழுதி ஒட்டுங்கள்.

சிரமத்துக்குப் பலன் உண்டு. 36 வாட் பழைய டியூப் சோக்கோடு சேர்த்து 45 வாட் இழுக்கும், எல்.இ.டி. 18 வாட்தான். வகுப்புக்கு 12 டியூப், 20 வகுப்பு, தினம் 6 மணி நேரம், 200 பள்ளி நாள் என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 7,800 யூனிட் மிச்சம். கழற்றிய டியூபில் பாதரசம் இருக்கிறது. உடைக்காமல் அட்டைப்பெட்டியில் வைத்து, பழைய டியூப் வாங்கும் சேகரிப்பு இடத்தில் கொடுங்கள்.