பள்ளி ரோபோ மன்றம்: எதில் சிக்கனம், எதில் கூடாது

ஆசிரியருக்கு வணக்கம். இருபது மாணவர்களுக்கும் ஆளுக்கொரு ரோபோ வண்டி கிட் (உதிரிபாகத் தொகுப்பு) பத்தாயிரம் ரூபாயில் வாங்க இயலுமா என்று கேட்டிருந்தீர்கள். இயலாது. நால்வருக்கு ஒரு வண்டி எனத் திட்டமிட்டு, ஆர்டுயினோ ஊனோ போர்டு (நிரலை இயக்கும் சிறு கணினிப் பலகை), மஞ்சள் நிற பிஓ மோட்டார்கள் (பேட்டரியில் ஓடும் சிறு கியர் மோட்டார்கள்), மோட்டார் டிரைவர் (போர்டின் கட்டளைப்படி மோட்டாருக்கு மின்சாரம் தரும் சுற்று) ஆகியவற்றை உதிரியாக வாங்குங்கள் (சென்னை என்றால் மின்னணுப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெரு). அடித்தட்டை ஃபோம் ஷீட்டில் மாணவர்களே வெட்டிக்கொள்ளட்டும்.

சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் பேட்டரி. சிறிய 9 வோல்ட் பேட்டரி இரண்டு மோட்டார்களுக்குப் போதிய மின்னோட்டத்தைத் தராது. வண்டி திணறி நிற்கும்போது, பாவம், மாணவர்கள் நிரலில் பிழை தேடிக்கொண்டிருப்பார்கள். எல்298என் என்ற வகை மோட்டார் டிரைவர் ஏறத்தாழ 2 வோல்ட்டைத் தானே எடுத்துக்கொள்வதால், அது போக மோட்டாருக்குப் போதிய வோல்ட் மிஞ்சும்படி 1.2 வோல்ட் ரீசார்ஜ் செல்கள் ஆறினைத் தொடராக (மொத்தம் 7.2 வோல்ட்) இணைப்பதே என் பரிந்துரை. பாதுகாப்புச் சுற்று இல்லாத லித்தியம் செல்களைப் பள்ளிக்குள் அனுமதிக்கவே வேண்டாம்.