பேய்ப்படத்தில் கெட்டது பேயா, மனுசனா என்று பார்ப்பவரைத் தடுமாற வைப்பது எப்படி?

நாகர்கோவில் பக்கம் 15 நிமிடக் குறும்படம், நீலி கதைதான் கரு என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் 'உண்மையில் அவன்தான் கொலைகாரன்' என்று ஒரு பிளாஷ்பேக் எழுதி வைத்திருப்பீர்கள். அதைத் தூக்கிவிடுங்கள். அதில் தடுமாற்றம் எங்கே இருக்கிறது? வில்லன் ஆள் மாறுகிறான், அவ்வளவுதான்.

பழையனூர் நீலி கதையில் வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. முற்பிறவியில் தன்னைக் கொன்றவனைத் தேடி நீலி பேயாக வருகிறாள், அவன் பெண்டாட்டி என்று சொல்லிக்கொண்டு. இடுப்பில் குழந்தையாக மாற்றிய கள்ளிக்கொம்பு. அது அவனை 'அப்பா' என்கிறது. 70 வேளாளர் கூடி, கட்டின பெண்டாட்டியோடு போய் இரு என்று அனுப்புகிறார்கள், காப்புக்கு அவன் வைத்திருந்த வாளையும் வாங்கிக்கொண்டு. விடிந்தால் பிணம். அவன் உயிருக்குப் பிணை நின்ற 70 பேரும் தீயில் இறங்குகிறார்கள். 'இவள் பேய்' என்று அன்றைக்கு அவன் சொன்னது அத்தனையும் நிஜம், அவள் அழுதது நடிப்பு. பார்ப்பவரும் அந்தச் சபையில் உட்கார்ந்து அவள் பக்கம் கைதூக்க வேண்டும்.

அதனால் சபைக் காட்சியில் கேமராவைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தவன் கண் உயரத்தில் வையுங்கள். 35 அல்லது 50 மி.மீ. லென்ஸ். வாளோடு நிற்கிறவன் தானாகவே மிரட்டுகிற ஆளாகத் தெரிவான். அவனுக்கு குளோசப் கிடையாது. 'அப்பா' என்ற குரலில் எதிரொலி, பிட்ச் மாற்றம் எதுவும் வேண்டாம். மற்றவர் வசனம் பதிந்த அதே மைக், அதே தூரம். கொஞ்சம் எக்கோ போட்டாலும் படம் அங்கேயே முடிந்தது.

வெறும் குச்சியைத் துணியில் சுற்றிக் கொடுத்தால் நடிகையின் கை காட்டிக்கொடுத்துவிடும். துணிக்குள் 3 கிலோ மணல் பை வைத்துக் கட்டுங்கள், தோள் தானாகச் சாயும். பழங்காலக் கதையென்றால் சப்பாத்திக்கள்ளி கூடாது, அது அமெரிக்காவிலிருந்து வந்த செடி. சதுரக்கள்ளிதான் சரி. ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கும். கையுறை போட்டு வெட்டி, பால் வடிந்து காய்ந்த பிறகே செட்டுக்குள் கொண்டுவாருங்கள்.

இரவுக் காட்சிக்கு நீல லைட்டும் புகையும் வேண்டாம். குத்துவிளக்கு, தூணுக்குப் பின்னால் மறைத்த 2700 கெல்வின் (விளக்குச் சுடர் மாதிரி மஞ்சள்) எல்இடி ஒன்று, லென்ஸ் திறப்பு எஃப் 1.8, கேமராவின் ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 1600 போதும். ஷட்டர் 1/50 நொடி. 1/60 வைத்தால் நம்மூர்க் கரண்டுக்குச் சில விளக்குகள் பட்டை பட்டையாக ஓடும். பாதிப் பேர் போனில்தான் பார்ப்பார்கள். அடிவயிற்றில் அதிர்கிற பாஸ் அதில் கேட்கவே கேட்காது. திகில் மூச்சிலும் தாழ்ப்பாள் சத்தத்திலும் இருக்கட்டும்.

முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை காற்று வசனத்தைத் தின்றுவிடும். மைக்குக்கு ரோம உறை போட்டாலும் டப்பிங் செலவை ஒதுக்கியே வையுங்கள்.

எடிட் முடிந்ததும் சபைக் காட்சியோடு நிறுத்தி, கதை தெரியாத வெளியூர்க்காரர் பத்துப் பேரிடம் யாரை நம்புகிறீர்கள் என்று கேளுங்கள். ஏழு பேராவது அவள் பெயரைச் சொல்லாவிட்டால் திரும்ப வெட்ட வேண்டும்.

பேய்க்கு வக்காலத்தா என்று கிளம்புகிறவர்களுக்கு: இங்கே நீலியை இசக்கி அம்மனாகக் கும்பிடுகிறோம். கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கி ஏமாற்றியவளிடம்தான் பிள்ளைவரம் கேட்கிறோம். நான் புதிதாக எதையும் சொல்லவில்லை.

கடைசியாக ஒரு வயிற்றெரிச்சல். தயவுசெய்து எங்கள் ஊர் ஆளை 'ஏலே' போட்டு நெல்லைத் தமிழ் பேச வைக்காதீர்கள். விளவங்கோட்டுக்காரன் 'இஞ்ச வா' என்பான். நாகர்கோவில்காரன் 'மக்கா' என்பான். ஆரல்வாய்மொழி தாண்டி நெல்லைப் பக்கம் போனால் பேச்சு மாறிவிடும் என்பதுகூடத் தெரியாமல் 'கிராமத்துப் பேச்சு' என்று மொத்தமாக ஒன்றை வைத்திருக்கிறார்கள். டப்பிங்குக்கு உள்ளூர்க் கிழவி ஒருத்தியைக் கூட்டிப்போய் உட்கார வையுங்கள், அவளுக்குச் சம்பளமும் கொடுங்கள்.