விசைப்பலகை இல்லாமல் கன்சோல் நிரலைச் சோதித்தல்: கேள்வி பதில்

கேள்வி: இரண்டு எண்களைக் கேட்டுக் கூட்டுத்தொகையை அச்சிடும் ஜாவா நிரல் ஒன்றை எழுதியுள்ளேன். ஒவ்வொரு முறையும் நானே தட்டச்சு செய்யாமல் அதைச் சோதிக்க முடியுமா?

பதில்: முடியும். நிரல் படிப்பது விசைப்பலகையை அன்று, சிஸ்டம்.இன் (System.in) என்னும் ஓடையை, அதாவது உள்ளீடு வரிசையாக வந்து சேரும் வழியைத்தான். 12, 30 ஆகிய எண்களைத் தனித்தனி வரிகளாகக் கொண்ட ஒரு பைட்அரேஇன்புட்ஸ்ட்ரீமை (நினைவகத்தில் உள்ள தரவைப் படிக்கத் தரும் ஓடை) சிஸ்டம் வகுப்பின் செட்இன் மூலம் அந்த இடத்தில் வைத்துவிடுங்கள். வெளியீட்டைப் பிடிப்பதற்கு, எழுதப்படுவதை நினைவகத்தில் சேர்த்துவைக்கும் பைட்அரேஅவுட்புட்ஸ்ட்ரீமின் மேல் அமைந்த பிரிண்ட்ஸ்ட்ரீம் ஒன்றைச் செட்அவுட்டுக்குக் கொடுங்கள். பழைய ஓடைகளைத் திருப்பி வைக்கும் வரிகளைச் சோதனையின் கடைசியில் எழுதினால், சோதனை நடுவில் தோற்கும்போது அவை ஓடவே மாட்டா. ஜாவாவின் சோதனைக் கருவியான ஜேயூனிட் 5இல் அவற்றுக்குரிய இடம், ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும், அது தோற்றாலும், ஓடும் ஆஃப்டர்ஈச்.

கேள்வி: தனித்தனியே தேறும் என் சோதனைகள், சேர்த்து ஓட்டும்போது இரண்டாவதிலேயே நோசச்எலிமென்ட்எக்ஸெப்ஷன் (படிக்க எதுவும் இல்லை என்னும் பிழை) தருகின்றன. உள்ளீட்டைப் படிக்கும் ஸ்கேனரை ஸ்டாட்டிக் மாறியாக (ஒரே முறை உருவாகி எல்லாச் சோதனைகளுக்கும் பொதுவாக இருப்பது) வைத்துள்ளேன்.

பதில்: கோளாறு அந்த மாறியில்தான் இருக்கிறது. ஸ்கேனர் தான் உருவான கணத்தில் கிடைத்த ஓடையையே கடைசி வரை பிடித்துக்கொண்டிருக்கும். நீங்கள் பிறகு எத்தனை முறை செட்இன்னை அழைத்தாலும், தீர்ந்துபோன முதல் ஓடையிலேயே அது தேடும். அதற்காக நிரலின் ஒவ்வொரு மெத்தடுக்குள்ளும் தனி ஸ்கேனர் உருவாக்கினால் வேறொரு சிக்கல் வரும். முனையத்தில் (நிரலை ஓட்டித் தட்டச்சு செய்யும் சாளரம்) உள்ளீடு வரி வரியாக வருவதால் அது ஒழுங்காக ஓடுவதுபோல் தோன்றும். சோதனையில் எல்லா வரிகளும் ஒரே சமயத்தில் காத்திருப்பதால், முதல் ஸ்கேனரே அடுத்த வரிகளையும் சேர்த்துத் தன் இடையகத்தில் (தற்காலிகச் சேமிப்பில்) இழுத்துக்கொள்ள, இரண்டாவதற்கு எதுவும் மிஞ்சாது. என் பரிந்துரை, உள்ளீட்டு ஓடையையும் வெளியீட்டு ஓடையையும் வகுப்பின் கன்ஸ்ட்ரக்டருக்கே (பொருளை உருவாக்கும்போது ஓடும் பகுதி) கொடுத்து, அங்கே ஒரே ஒரு ஸ்கேனரை உருவாக்குவதாகும். அப்போது செட்இன்னே தேவைப்படாது. சோதனைகளை இணையாக ஓட்டினாலும் ஒன்றின் வெளியீடு மற்றொன்றில் கலக்காது. பழைய நிரலைத் தொட முடியாத நிலையில் மட்டுமே நான் செட்இன் பக்கம் போவேன்.

கேள்வி: திரையில் மூன்று வரிகளாகத் தெரிவது, பிடித்த வெளியீட்டில் ஒரே வரியாக இருக்கிறதே?

பதில்: திரையில் வரியை முறித்தது நீங்கள் அழுத்திய என்டர் விசை. தட்டச்சு செய்வதைத் திரையில் காட்டுவது முனையத்தின் வேலை. அது நிரலின் வெளியீட்டில் சேராது. ஆகவே "முதல் எண்: இரண்டாம் எண்: கூட்டுத்தொகை: 42" என்று கிடைப்பதே சரி. மேலும், ஒரு வரியை அச்சிட்டு முடிக்கும் பிரிண்ட்எல்என் விண்டோஸில் வரி முடிவுக்கு 2 எழுத்துகளையும் லினக்ஸில் ஒன்றையும் இடுவதால், ஒப்பிடுவதற்கு முன் அவற்றை ஒரே வகையாக மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பைத்தானில் எப்படி?

பதில்: பைத்தானின் சோதனைக் கருவியான பைடெஸ்டில், சோதனைக்காக மட்டும் ஒன்றை மாற்றிவைக்கும் மங்கிபேட்ச் கொண்டு, உள்ளீட்டு ஓடையான சிஸ்.எஸ்டிடிஇன் இருக்கும் இடத்தில் ஸ்ட்ரிங்ஐஓவை (ஓடைபோல் படிக்கக்கூடிய உரை) வையுங்கள். வெளியீட்டைப் பிடிக்க, பைடெஸ்டிலேயே உள்ள கேப்சிஸ் போதும். நிரல் தொடங்கும் துணைச் செயல்முறையின் வெளியீடு அதில் சிக்காது. அதற்கு, இயங்குதள மட்டத்திலேயே வெளியீட்டைப் பிடிக்கும் கேப்எஃப்டி வேண்டும்.

கேள்வி: பைத்தானில் கடவுச்சொல்லைத் திரையில் காட்டாமல் கேட்கும் கெட்பாஸ் மட்டும் நான் கொடுக்கும் கடவுச்சொல்லைப் படிக்காமல் நிற்கிறது.

பதில்: லினக்ஸில் அது முதலில் முனையத்தை நேரடியாகத் திறந்து படிக்க முயல்வதால், எஸ்டிடிஇன்னை மாற்றுவது அதை எட்டாது. சோதனையில் கெட்பாஸ் செயற்கூற்றையே போலி ஒன்றால் மாற்றிவிடுங்கள்.