பழைய பர்பனை ருசி பார்ப்பது: கேள்வி பதில்

அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில், லூயிவில்லில் இருக்கிறேன். பத்து வருஷமாவது பீப்பாயில் கிடந்த பர்பன் (அமெரிக்க விஸ்கி) பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னாலும் சொல்வேன்: லேபிளை மறைத்துவிட்டு ருசி பாருங்கள்.

ஹூஸ்டனிலிருந்து: அண்ணா, நாப் கிரீக் 12 வருஷம் வாங்கினேன். எல்லாரும் வெனிலா, தேங்காய், கிராம்பு என்கிறார்கள். எனக்கு எரிச்சல் மட்டும்தான் தெரிகிறது.

மூக்கை கிளாஸுக்குள் விட்டிருப்பீர்கள். அது 50 சதவீத ஆல்கஹால், மூக்கு மரத்துப்போகும். வாய் குறுகிய கிளென்கேர்ன் கிளாஸில் 20 மில்லி ஊற்றிப் பத்து நிமிஷம் சும்மா வையுங்கள். ஒயின் மாதிரி சுழற்ற வேண்டாம், ஆல்கஹால்தான் முதலில் கிளம்பி வரும். கிளாஸைத் தாடைக்குப் பக்கத்தில் பிடித்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடி மோந்து பாருங்கள். பிறகு மெல்ல மூக்குப் பக்கம் உயர்த்துங்கள்.

முதல் மடக்கு வாயைப் பழக்க மட்டும், அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இரண்டாவது மடக்கை நாக்கு முழுக்கப் பரவவிட்டு, மெல்லுவது போல அசைத்து விழுங்குங்கள். ஜிம் பீம் ஆலையில் பர்பன் வடித்த புக்கர் நோ இப்படித்தான் செய்து வந்தார், இங்கே அதற்கு கெண்டக்கி சூ (கெண்டக்கி மெல்லல்) என்றே பெயர்.

நீங்கள் சொன்ன மணங்கள் யாரும் ஊற்றிச் சேர்த்தவை அல்ல. ஓக் மரத்தின் லிக்னின் உடைந்து வெனிலா வாசம், லாக்டோனிலிருந்து தேங்காய், யூஜினாலிலிருந்து கிராம்பு. பீப்பாயின் உட்புறத்தைத் தீயில் கருக்கும்போது மரத்திலுள்ள ஹெமிசெல்லுலோஸ் சர்க்கரையாகி கேரமல் வாசம் தருகிறது. எல்லாம் ஒரே நாளில் பிடிபடாது. முதலில் வெனிலாவை மட்டும் தேடுங்கள்.

சென்னையிலிருந்து: சார், நிறம் கருத்திருந்தால் வயது அதிகம் என்று அர்த்தமா?

பர்பனில் ஓரளவுக்கு உண்மை. நிறம் சேர்க்கச் சட்டம் விடாது, கருப்பு முழுக்கப் பீப்பாய் கொடுத்ததுதான். ஆனால் எவ்வளவு கருக்கிய பீப்பாய், எவ்வளவு தண்ணீர் கலந்து பாட்டிலில் அடைத்தார்கள் என்பதும் நிறத்தை மாற்றும். ஸ்காட்சில் கேரமல் நிறம் சேர்க்கலாம், அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

டொராண்டோவிலிருந்து: ஸ்காட்ச் 18, 25 வருஷம் என்று போகிறது. 12 வருஷ பர்பனைப் போய்ப் பழசு என்கிறீர்களே?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். சட்டப்படி பர்பன் உள்ளே கருக்கிய புது ஓக்கில்தான் ஊற வேண்டும். ஸ்காட்ச் பெரும்பாலும் நாங்கள் ஒருமுறை பயன்படுத்தி முடித்த அதே பீப்பாயில் ஊறுகிறது. புது மரம் அள்ளிக் கொடுக்கும், பழைய மரம் கிள்ளிக் கொடுக்கும். தவிர, கெண்டக்கியின் கோடையில் சரக்கு விரிந்து மரத்துக்குள் போகும், குளிரில் சுருங்கி வெளியே வரும். ஸ்காட்லாந்தில் ஆவியாவது வருஷத்துக்கு 2 சதவீதம் என்றால் இங்கே 4 பக்கம். அந்த வேகத்தில் 20 வருஷத்தில் பாதிக்கு மேல் காலி. மிச்சத்தில் மரம்தான் பேசும்.

சிங்கப்பூரிலிருந்து: மன்னிக்கவும் சார். நான் பாப்பி வான் விங்கிள் 23 வருஷ பர்பன் குடித்திருக்கிறேன். அதற்கு மேல் ஒன்று கிடையாது. கிடைக்காதவர்கள்தான் குறை சொல்வார்கள்.

எனக்கும் கிடைத்திருக்கிறது. கெட்ட சரக்கு என்று நான் சொல்லவில்லை. லேபிளை மறைத்து வான் விங்கிள் வரிசையின் 10, 15, 23 மூன்றையும் வரிசையாக வைத்துக் குடித்தீர்களா?

சிங்கப்பூரிலிருந்து: இல்லை. ஆனால் ஒன்றும் இல்லாமலா அந்த விலை?

விலை வருவது எண்ணிக்கையால். வருஷத்துக்குக் கொஞ்சம் பாட்டில், கேட்கிற கூட்டமோ பெரிது. ருசிக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மரம் மிஞ்சிப்போனால் எப்படித் தெரியும் என்று சொல்கிறேன், நீங்களே பாருங்கள். நுனி நாக்கில் இனிப்பு வரும், நடு நாக்கில் ஒன்றும் இருக்காது, விழுங்கியதும் ஈறும் கன்னத்தின் உட்புறமும் இழுத்துப் பிடிக்கும். ரொம்ப நேரம் கொதித்த டீயின் துவர்ப்பு அது, மரத்திலிருந்து வரும் டானின் வேலை. பின்னாலேயே ஈர மரப்பலகை, பென்சில் சீவிய தூள் வாசனை. கொஞ்சம் துவர்ப்பு அழகு, இனிப்பைத் தாங்கிப் பிடிக்கும். துவர்ப்பு மட்டும் மிஞ்சினால் வயதுக்காகத்தான் குடிக்கிறீர்கள்.

ஹூஸ்டனிலிருந்து: அப்போது 15 வருஷம்தான் சரியான அளவா அண்ணா?

ஒரே எண் கிடையாது தம்பி. பீப்பாய் கிடங்கில் எந்த மாடியில் இருந்தது என்பது முக்கியம். மேல் மாடி சூட்டில் 9 வருஷத்திலேயே மரம் ஏறிவிடும், கீழ் மாடியில் 15 தாண்டியும் நிதானமாக இருக்கும். 2023ல் ஈகிள் ரேர் 25 வருஷ பர்பன் வந்ததே, அதன் பீப்பாய்களை பஃபலோ டிரேஸ் ஆலை குளிரூட்டிய கிடங்கில் வைத்துத்தான் காப்பாற்றியது. 25 வருஷம் நிற்க வேண்டுமென்றால் கெண்டக்கியின் கோடையையே பூட்டி வைக்க வேண்டியிருக்கிறது. இதைத்தான் சிங்கப்பூர் நண்பருக்கும் சொல்ல வந்தேன்.

சிங்கப்பூரிலிருந்து: ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் மூன்று கிளாஸ் வைத்துப் பார்க்கிறேன்.

பாருங்கள். ஊற்றுவது வேறு யாராவது இருக்கட்டும்.

பெங்களூரிலிருந்து: நம்ம ஊர் வெயிலில் பீப்பாய் வைத்தால்?

உங்கள் ஊர் அம்ருத் விஸ்கி ஆலையைக் கேளுங்கள். வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஆவியாகிறது. அதனால்தான் இளசாகவே அடைக்கிறார்கள், அப்படியும் உலகம் மதிக்கிறது. வயது எண்ணை வைத்து மட்டும் பேசக்கூடாது என்பதற்கு நல்ல சாட்சி.

கொழும்பிலிருந்து: வீட்டில் 12 வருஷ பாட்டிலை 10 வருஷம் வைத்தால் 22 ஆகிவிடுமா?

ஆகாது. கண்ணாடிக்குள் ஊறாது. நிமிர்த்தி வையுங்கள், படுக்கவைத்தால் கார்க் கெடும்.

துபாயிலிருந்து: 20 வருஷம் 10 வருஷத்தை விட நல்லதா சார்?

மேலே படியுங்கள்.

டல்லாஸிலிருந்து: ஐஸ் போடலாமா?

உங்கள் பாட்டில், உங்கள் இஷ்டம். மதிப்பிடும்போது வேண்டாம், குளிரில் வாசம் அடங்கிவிடும்.

மதுரையிலிருந்து: இதயத்துக்கு நல்லது என்கிறார்களே?

டாக்டரிடம் கேளுங்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

ஷார்ஜாவிலிருந்து: எது பெஸ்ட், 15ஆ, 23ஆ?

லேபிளை மறையுங்கள். இனி இந்தக் கேள்வியை எடுக்கப்போவதில்லை.

நியூஜெர்சியிலிருந்து: பீப்பாயில் ஊற்றும்போது ஆல்கஹால் 62.5 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று படித்தேன். என் பாட்டிலில் 65 என்று இருக்கிறது. போலியா? எப்படிக் குடிப்பது?

இன்றைய நல்ல கேள்வி இதுதான். போலி இல்லை. அந்த வரம்பு ஊற்றும் நாளுக்கு மட்டும். கெண்டக்கிக் கிடங்கின் சூட்டில் ஆல்கஹாலை விடத் தண்ணீர் சீக்கிரம் போகும், அதனால் சதவீதம் ஏறும். ஸ்காட்லாந்தின் ஈரக் காற்றில் நேர்மாறு, இறங்கும். உங்களுடையது தண்ணீர் கலக்காமல் அடைத்த சரக்கு.

முதலில் அப்படியே இரண்டு சொட்டு நாக்கில் வையுங்கள். பிறகு தண்ணீர். 2017ல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் கணினியில் செய்த ஆய்வு ஒன்று உண்டு. ஆல்கஹால் 59 சதவீதத்துக்கு மேல் இருந்தால் குவையகால் என்ற மணப்பொருள் உள்ளே அமிழ்ந்து கிடக்கிறது, 45 வரை இறங்கினால் மேற்பரப்புக்கு வருகிறது என்றது. 30 மில்லிக்கு 9 மில்லி தண்ணீர் விட்டால் 65 சதவீதம் 50க்கு இறங்கும், 14 மில்லி விட்டால் 45 பக்கம் வரும். ஒரேயடியாக ஊற்றாதீர்கள். டீஸ்பூனில் பாதி பாதியாகச் சேர்த்து, ஒவ்வொரு தடவையும் மோந்து பார்த்து எழுதி வையுங்கள். வாசம் தட்டையாகப் போகிற இடத்துக்கு முந்தின அளவுதான் உங்கள் பாட்டிலுக்கு.